நசாரியா சொல்லாத வார்த்தை

தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போடுவதில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை, வக்கீலம்மா. தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெய்தான். சனிக்கிழமை தவறாமல் கோழி இறகில் தொட்டுக் கீலுக்கெல்லாம் தடவி, தாழ்ப்பாளுக்கும் தடவி, வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுவேன். சுண்டு விரலால் இழுத்தால் போதும், வந்துவிடும். அப்படியிருக்க, எங்கள் பாஸ்டர் ஒபேத் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில் தாழ்ப்பாள் துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது என்று சொல்லியிருக்கிறாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்னென்னவோ பொறுத்துக்கொண்ட மனசு ஒரு தாழ்ப்பாள் விஷயத்தைப் பொறுக்காமல் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருப்பதைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நீங்கள் கூப்பிட்டு அனுப்பவில்லை. நானாகத்தான் வந்தேன். என் பெயர் சில்வெரியோ. மலைமேல் இருக்கிற அந்தச் சபையின் கதவு என் பொறுப்பு. மழை நாளில் அந்தக் கதவுக்கு வெளியே நின்று மண்ணோடு போனவள் என் கூடப் பிறந்த அக்கா நசாரியா. கதவு சிக்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஊரில் விசாரித்திருப்பீர்கள். முன்னாள் குடிகாரன் என்று சொல்லியிருப்பார்கள். உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் குடிக்காத ஆம்பளை கிடையாது. ஊர்ப் புனிதர் சான் பார்த்தோலோவின் திருவிழாவில் சாமி தூக்குகிறவர்களே கால் பின்னப் பின்னத்தான் தூக்குவார்கள். அவர்கள் திருவிழாவுக்குக் குடிப்பவர்கள். நான் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை குடிப்பவன். அந்த வித்தியாசம் எங்கள் ஊரில் பெரிய வித்தியாசம். ஒரு வருஷம் ஆசையாகத் தோள் கொடுக்கப் போனேன். அக்கா புருஷன் மக்காரியோதான் திருவிழாவுக்குத் தலைவன். அவன் வாயிலும் சாராய வாடைதான். என் நெஞ்சில் கை வைத்து ஒதுக்கினான்.

"தள்ளி நில்லு மச்சான். குடிகாரத் தோளு சாமிக்கு ஆகாது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அந்தக் காலத்தில் என்னை வீட்டுக்கு இழுத்துப்போனது நசாரியாதான். ஓடைக்கரையில் விழுந்து கிடப்பேன். தேடிக்கொண்டு வருவாள். கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி, வழி நெடுக வைதுகொண்டே நடத்திப் போவாள். அடுப்பு பக்கத்தில் உட்கார வைத்து, கறுப்பு அவரை வேகவைத்த சாற்றை உப்புப் போட்டுக் கொடுப்பாள்.

"முழுங்குடா. நீ செத்துத் தொலைஞ்சா பெட்டி தூக்க ஆளு வேணாமா? இந்த ஊர்ல எவன் நிதானமா நிக்கிறான்?"

அவள் பேச்சே அப்படித்தான். அவள் எனக்கு நல்லது செய்தவள். நான் அதை மறைக்க வரவில்லை. நல்லது செய்தவர்கள் மேல் கோபமே வராது என்று யாராவது உங்களிடம் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.

பாஸ்டர் ஒபேத் வந்த பிறகு நான் குடியை விட்டேன். அது பொய்யில்லை. இன்றுவரை ஒரு சொட்டு தொட்டதில்லை. முதல் நாளே அங்கே என்னை 'எர்மானோ' என்று கூப்பிட்டார்கள். சகோதரன். ஊரில் என்னைப் பெயர் சொல்லிக்கூட யாரும் கூப்பிட்டதில்லை, விசிலடித்துத்தான் கூப்பிடுவார்கள். அப்புறம் ஒரு டை கொடுத்தார்கள். அப்புறம் சாவி கொடுத்தார்கள்.

ஊருக்கே கடைசி ஆளாக இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும், தனக்குக் கீழேயும் ஒருத்தன் இருக்கிறான் என்பது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்று. எனக்கு ஒருத்தன் இல்லை, முக்கால் ஊரே கிடைத்தது. 'உலகத்தார்' என்று சபையில் அவர்களுக்குப் பெயர். சாமி தூக்குகிறவர்கள், மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள், சாம்பிராணி போடுகிறவர்கள், மக்காரியோ, எல்லாரும். அவர்களை இளக்காரமாகப் பார் என்று பாஸ்டர் ஒருநாளும் சொன்னதில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்காக இரங்குங்கள் என்றுதான் சொல்வார். கொஞ்சம் மேலே ஏறி நின்றுகொண்டால் இரங்குவது சுலபமாக வந்தது.

எங்கள் வழக்கம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரியாதது இல்லை. சபை ஆளுக்குச் சபை ஆள் வழியில் பார்த்தால் 'கர்த்தர் ஆசீர்வதிப்பாராக' என்று சொல்வோம். 'ஆமென்' என்று பதில் வரும். உலகத்தாரைப் பார்த்தால் வெறும் வணக்கம். அவ்வளவுதான். ஆசீர்வாதத்தைத் தெருவில் போகிறவனுக்கெல்லாம் வாரி இறைக்க முடியாது என்பது பாஸ்டருடைய கருத்து. எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. காலையில் வீட்டை விட்டு இறங்கினால் யாருக்கு எது என்று நான்தான் தீர்மானிப்பேன். மக்காரியோ எதிரே வருவான். "வணக்கம்" என்பேன். அவன் பின்னாலேயே எங்கள் சபை தோமாசா விறகுக் கட்டோடு வருவாள். "கர்த்தர் ஆசீர்வதிப்பாராக, எர்மானா" என்பேன், அவன் காதில் விழுகிற மாதிரி.

இதில்தான் சிக்கல். உடன்பிறந்தவளுக்கும் சபைப் பெண்ணுக்கும் நம் பேச்சில் ஒரே சொல்தான், எர்மானா. ரட்சிக்கப்படாத ஒருத்தியை நான் எப்படி எர்மானா என்று கூப்பிடுவது? யோசித்துப் பார்த்து, என் அக்காவை 'தோன்யா நசாரியா' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அடுத்த தெருக் கிழவியைக் கூப்பிடுகிற மாதிரி.

முதன்முதலாகக் கூப்பிட்டது ஒரு சந்தை நாளில். அவள் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் டை கட்டிக்கொண்டு போனேன்.

"என்னடா கழுத்துல? எவன் வீட்டு மாட்டை அவுத்துட்டு வந்த?"

"வணக்கம், தோன்யா நசாரியா."

அவள் கையில் இருந்த தக்காளியைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்ன?"

"நீங்க இன்னும் ரட்சிக்கப்படல. எர்மானான்னு கூப்பிட முடியாது."

"ஓஹோ. அப்ப யாரு உனக்கு எர்மானா? தோமாசாவா? சின்னப் புள்ளையில உன் மூக்கை அவளா தொடச்சா? நேத்து வரைக்கும் நீ ஓடையில கெடந்தப்ப அவ தாண்டிப் போனவடா!"

சந்தையே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நான் நிதானமாகவே பேசினேன். நிதானமாகப் பேசச் சபையில் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"ஒரே ஒரு தடவ 'கர்த்தர் ஆசீர்வதிப்பாராக'ன்னு சொல்லுங்க. இங்கயே, எல்லார் முன்னாலயும் எர்மானான்னு கூப்பிடுறேன்."

"போடா. எங்க சாமி எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துலேருந்து இங்க இருக்கு. உங்க சபை சுவத்துல சுண்ணாம்பே இன்னும் காயல. அந்த வார்த்தை என் வாயில வராது. வந்தா அன்னிக்கு நான் நசாரியா இல்ல, போ."

சந்தைக்காரர்கள் கைதட்டினார்கள். மக்காரியோ அதைப் பிற்பாடு எத்தனையோ இடத்தில் பெருமையாகச் சொல்லிக் காட்டினான். அவள் வாயில் அந்த வார்த்தை வராது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம் ஆகிவிட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஆராதனை நேரத்தில் கதவைச் சாத்தி வைப்பது என் யோசனை. திருவிழாச் சமயத்தில் பயல்கள் எங்கள் வாசலில் வந்து வேட்டுப் போட்டார்கள், அதனால்தான். இரும்புத் தகட்டுக் கதவு. முகம் தெரிகிற அளவுக்கு அதில் ஒரு துளை வெட்டி, சின்னப் பலகை ஒன்று போட்டிருந்தேன், இழுத்தால் திறக்கும். நேரம் கழித்து வருகிறவர்கள் தட்ட வேண்டும். நான் பலகையை இழுப்பேன். அவர்கள் 'கர்த்தர் ஆசீர்வதிப்பாராக' என்று சொல்ல வேண்டும். நான் 'ஆமென்' என்று கதவைத் திறப்பேன். ஊரில் எல்லா முகமும் எனக்குத் தெரியும், வார்த்தை கேட்டுத்தான் திறக்க வேண்டும் என்று ஒரு அவசியமும் இல்லை. இருந்தாலும் கேட்பேன். பாஸ்டரையே ஒருமுறை சொல்ல வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

இனி அந்த மத்தியானம்.

மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. ஓடை ஊருக்குள் வந்துவிட்டது. காலையில் லாரி வந்து, கீழே இருக்கிறவர்களை எல்லாம் நகரத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது. எங்கள் சபை பாறைமேல் கட்டியது, அதனால் எங்கள் ஆட்கள் அங்கேயே கூடிவிட்டோம். நசாரியாவும் லாரியில் போயிருக்க வேண்டியவள்தான். அந்த வருஷம் சான் பார்த்தோலோ சாமி மக்காரியோ வீட்டில் இருந்தது. தலைவன் வீட்டில் சாமி ஒரு வருஷம் தங்குவது அவர்கள் முறை. மக்காரியோ வேட்டு வாங்க நகரத்துக்குப் போனவன், லாரி போன கையோடு பாலம் அடித்துக்கொண்டு போனதால் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டான். லாரிக்காரன் ஆளுக்கே இடமில்லை, சாமிக்கு எங்கே போவேன் என்று சொல்லிவிட்டான். சாமியை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று இவள் நின்றுவிட்டாள். பிடிவாதம். நான் இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. அவள் ஏன் அங்கே இருந்தாள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

உள்ளே கரண்ட் இல்லை. தகரக் கூரைமேல் மழை. எல்லாரும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டு ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். நாம் பேழைக்குள்ளே இருக்கிறோம், வெளியே இருப்பது நியாயத்தீர்ப்பு என்று பாஸ்டர் அப்போதுதான் பேசி முடித்திருந்தார். நான் கதவோடு ஒட்டி நின்றேன். என் நெஞ்சு நிறைந்து இருந்தது. சாவி என் பையில் இருந்தது.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த தோமாசா தலையைத் தூக்கினாள்.

"யாரோ தட்டுறாங்களே, எர்மானோ?"

"காத்து."

"காத்து இப்புடி விட்டு விட்டு தட்டுமா?"

"கண்ணை மூடி ஜெபிங்க எர்மானா."

அவள் மூடிக்கொண்டாள். நல்ல பெண். உங்களிடம் வந்து 'எனக்கு ஏதோ குரல் கேட்டது' என்று சொன்னவள் அவள்தான் என்று எனக்குத் தெரியும். அவளை யாரும் தொந்தரவு செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பலகையை இழுத்தேன். நசாரியா நின்றாள். தலைமுடி முகத்தில் ஒட்டிக் கிடந்தது. ஒரு காலில் செருப்பு இல்லை. முதுகில், பிள்ளையைக் கட்டுகிற மாதிரி சால்வையில் எதையோ கட்டித் தூக்கியிருந்தாள்.

"தொற சில்வெரியோ. வீட்டுக்குப் பின்னால சுவரு பேந்துக்கிட்டு வருது."

"யாரது?" என்று கேட்டேன்.

அவள் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இருந்திருக்காது.

"யாரா? உன்னைப் பெத்தவளுக்குப் பொறந்தவடா. தொற."

"முதுகுல என்ன?"

"சாமி. நனையாம கொண்டாந்திருக்கேன்."

"அது உள்ள வரக்கூடாது."

"ஒரு மூலையில வச்சிக்கிறேன்டா. மேல துணிய போத்திடுறேன். உங்காளுங்க கண்ணுலயே படாது."

"இது ஜீவனுள்ள தேவனோட வீடு, தோன்யா நசாரியா."

அவள் வைதுவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளைத் தெரிந்த யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். அவள் சால்வை முடிச்சை அவிழ்த்தாள். சாமியை இறக்கி, முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தாள். கூரை இறவாணத்துக்குக் கீழே, சாரல் அடிக்காத இடமாகப் பார்த்துச் சுவரோரம் நிறுத்தினாள். முகத்தில் பூசின வர்ணம் கரைந்துவிடக் கூடாது என்று சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். "மன்னிச்சுக்கய்யா பார்த்தோலோ, கொஞ்ச நேரந்தான்" என்று அதனிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

உங்கள் காகிதத்தில் ஒரு கேள்வி இருக்கிறதே, அவ்வளவு மண் சரிந்தும் சாமி எப்படி நனையாமல், நிமிர்ந்தபடி, சுவரைப் பார்த்து நின்றது என்று. பதில் இதுதான். நான் கீழே வைக்கச் சொன்னேன். அவள் வைத்தாள்.

"வச்சாச்சு. இப்ப தொற."

"சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க."

"என்னத்த?"

"உங்களுக்குத் தெரியும்."



"வெளாடுறியாடா? மலை உறுமுது, கேக்குதா இல்லியா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

அவள் வாயைத் திறக்கவில்லை. நான் பலகையை மூடினேன். லாரி ஒன்று பின்பக்கமாக வருகிற மாதிரி சத்தம் கேட்டது. கட்டடம் ஒருமுறை குலுங்கியது. நான் கதவைத் திறந்தபோது முற்றம் இல்லை.

அன்றைக்கே எல்லாரிடமும் இப்படித்தான் சொன்னேன். அவள் வந்தாள், வார்த்தையைச் சொல்லச் சொன்னேன், சொல்லவில்லை, கதவு திறக்கவில்லை. ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. சந்தையில் அவள் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. தோமாசா மட்டும் அழுதுகொண்டே, அப்போது ஒரு குரல் சத்தமாக எதையோ சொன்ன மாதிரி இருந்தது என்றாள். வைதிருப்பாள், அவளுக்கு வைகிற பழக்கம் உண்டு என்று சொல்லிவிட்டேன்.

அவளைக் காப்பித் தோட்டத்துக்குக் கீழே கண்டெடுத்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். அதைப் பற்றி நீங்கள் கேட்காமல் இருந்தால் நல்லது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. நான் அடி வாங்கத் தயாராக இருந்தேன். யாராவது என் சட்டையைப் பிடிப்பார்கள், எங்கள் ஆட்களே முகத்தில் காறித் துப்புவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். பாஸ்டர் என்னைப் பக்கத்துப் பட்டணத்துப் பெரிய கூட்டத்துக்குக் கூட்டிப்போனார். மேடையில் என் தோளில் கை போட்டுக்கொண்டு பேசினார். கர்த்தர் தம்முடைய பிள்ளைகளை ஒரு மயிர்கூடக் கருகாமல் காத்தார், வெளியே ஒருத்தி கடைசி நிமிஷத்திலும் வணங்காக் கழுத்தோடு நின்றாள், ஆண்டவர் பெயரைச் சொல்ல மறுத்தாள், இந்த எர்மானோ சொந்த ரத்தம் என்றும் பாராமல் உண்மையாய் நின்றார் என்றார். ஜனங்கள் அல்லேலூயா போட்டார்கள். ஒரு அம்மாள் வந்து என் கையில் முத்தம் கொடுத்தாள். நான் கையைப் பின்னுக்கு இழுக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

நீங்கள் விசாரிக்க வருகிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் பாஸ்டருக்கு என் தாழ்ப்பாள் துருப்பிடித்துப்போனது.

அந்தப் பக்கத்துக் கதை வேறு. சான் பார்த்தோலோ தானாகவே அவள் முதுகிலிருந்து இறங்கி நின்றார் என்கிறார்கள். மலையே வந்தும் அவர் காலடியில் நின்றுவிட்டதாம். நடந்த அநியாயத்தைப் பார்க்கப் பொறுக்காமல் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். மற்ற ஊர்க்காரர்கள்கூட வருகிறார்கள். எங்கள் சாமிக்காகச் செத்தவள், அந்த வேதக்காரர்களுக்கு முன்னால் கடைசி வரை குனியாதவள் என்று நசாரியா படத்தைப் பூப்போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து, பாவம், அறியாத ஜனங்கள் என்று இரங்குகிறார்கள். அவர்கள் எங்களைப் பார்த்து, இதயமில்லாத ஜனங்கள் என்று இரங்குகிறார்கள். அவள் செத்ததில் இரண்டு பக்கமும் ஒரு படி மேலே ஏறிவிட்டது.

மக்காரியோ என்னைத் தேடி வந்தான், அடக்கம் முடிந்த பிறகு. குடித்திருக்கவில்லை. என் வீட்டு வாசலில், மழை விட்ட வெயிலில் நின்றான். கத்தி வைத்திருப்பான் என்று நினைத்தேன். வைத்திருந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"ஒரே ஒரு கேள்விதான் மச்சான். மறைக்காம சொல்லு."

"கேளுங்க அத்தான்."

"அவ சொன்னாளா? உங்க வார்த்தைய?"

அவன் கண்ணைப் பார்த்தேன். அவனுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று தெரிந்தது.

"சொல்லல அத்தான்."

அவன் முகம் உடைந்துபோய், அழுதுகொண்டே சிரித்தான்.

"தெரியும். எனக்குத் தெரியும். என் பொண்டாட்டி குனிய மாட்டா. நீ அவள உள்ள விடல, அதுக்கு நீ எங்க போய்ப் பதில் சொல்லுவியோ, அது உன் பாடு. ஆனா உண்மையச் சொன்ன பாரு. இது போதும் எனக்கு. இத வச்சிக்கிட்டு நான் மிச்ச நாளத் தள்ளிடுவேன்."

என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். ஆயுசில் அவன் எனக்குக் கை கொடுத்தது அது ஒரு தடவைதான்.

வக்கீலம்மா, நீங்களும் அதே கேள்வியைத்தான் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள். இறந்தவர் ஏதாவது சொன்னாரா? நான் ஊரில் கொடுத்த பதிலையே இங்கேயும் கொடுத்துவிட்டுப் போகலாம். யாருக்கும் நஷ்டம் இல்லை. பாஸ்டருக்கு அது சாட்சி. மக்காரியோவுக்கு அது ஆறுதல். எனக்கும்கூட அது தோதுதான். சட்டம் ஒன்று இருந்தது, அவள் மீறினாள், நான் காவல்காரன். கொஞ்சம் கடுமையான காவல்காரன், அவ்வளவே. பல நாள் அப்படியேதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராத்திரி தூங்கவும் செய்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் தூங்கினேன்.

பலகையை மூடினேன் என்று சொன்னேன். மூடவில்லை.

அவள் சாமி பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பலகைக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தாள். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, மெதுவாகச் சொன்னாள்.

"கர்த்தர் ஆசீர்வதிப்பாராக, எர்மானோ."

தம்பியைக் கூப்பிடுகிற எர்மானோ இல்லை அது. எங்கள் ஆட்கள் சொல்கிற மாதிரியே சொன்னாள். ஒரு எழுத்து குறையாமல் சொன்னாள். 'ஆமென்' என்று சொல்லிச் சுண்டு விரலால் இழுத்தால் போதும், கதவு திறந்திருக்கும்.

"கேக்கல" என்றேன். "சத்தமா சொல்லுங்க."

இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். உள்ளே ஜெபம் உச்சத்தில் இருந்தது. நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் கதவுப் பக்கம் பார்க்கவில்லை. எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

"இன்னும் சத்தமா."

மூன்றாவது தடவை அவள் கத்தினாள். தோமாசா காதில் விழுந்தது அதுதான். வைகிற சத்தம் இல்லை அது. மக்காரியோவிடம் இதை எப்படிச் சொல்வீர்களோ எனக்குத் தெரியாது. என்னால் முடியவில்லை. ஜெபம் கொஞ்சம் அடங்கட்டும், அப்போது நாலாவது தடவை சொல்லச் சொல்லலாம் என்று காத்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மலை வந்தது.

எனக்குக் கேட்டது, வக்கீலம்மா. முதல் தடவையே கேட்டது. சபை முழுக்கக் கேட்கட்டும் என்று நின்றேன்.